நான்கு லிட்டர் தண்ணீர் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

என் முதல் முழுநீளத் திரைக்கதையை எழுதி முடித்திருக்கிறேன். எப்போது, எங்கே என்று சொல்லப்படாத ஒரு வருங்கால நகரம். அங்கே தண்ணீருக்கு ரேஷன், ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர். ஊருக்கு வெளியே துரத்தப்பட்ட நான்கு பையன்கள், எல்லோரும் இருபதை ஒட்டிய வயது. அடிதடி, வழிப்பறி, கடைசியில் ஒரு கொலை. மூத்தவனுக்கு பம்பிங் ஸ்டேஷனில் வேலை செய்யும் பெண்மேல் காதல். படம் மெல்ல மெல்லச் சூடேற வேண்டும் என்பது என் ஆசை.

118 பக்கம் வந்திருக்கிறது. மூன்று பேரிடம் படிக்கக் கொடுத்தேன். முதல் பாதி நகரவே இல்லை என்றார் ஒருவர். இந்தப் பையன்களோடு எதற்கு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும் என்றார் இன்னொருவர். காதல் ஒட்டவில்லை என்றார் மூன்றாமவர். அதற்காக 71ஆம் பக்கத்தில் அவன் தன் சிறுவயதைப் பற்றி அவளிடம் மனம்விட்டுப் பேசும் காட்சி ஒன்றைச் சேர்த்தேன். அப்புறமும் ஒட்டவில்லை என்கிறார். வேகத்தைக் கூட்டவா, வன்முறையைக் குறைக்கவா? திரைக்கதையை இணைத்திருக்கிறேன்.

ச.

*

அன்புள்ள ச.,

இரண்டுமே வேண்டாம். மூன்று பேர் சொன்னதும் கிட்டத்தட்ட ஒரே குறைதான். உங்கள் கதையில் யாரும் எதற்கும் விலை கொடுப்பதில்லை.

நான்கு லிட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். பேரிடர் முகாம்களுக்கான ஸ்பியர் தரநிலையே ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்று வைத்திருக்கிறது. நான்கு என்றால், வெயிலில் அலைகிற பையனுக்குக் குடிக்கவே மூன்று போய்விடும். மிச்சமிருக்கும் ஒரு லிட்டரில்தான் சமையல், கழுவல் எல்லாம். ஆக, குளியல் கிடையாது. தலை சடைபிடித்திருக்கும், சட்டைக் காலர் கறுத்து விறைத்திருக்கும், தட்டை மண் போட்டுத் தேய்த்துத் துணியால் துடைப்பார்கள். உங்கள் 12ஆம் பக்கத்திலோ ஒருவன் உள்ளே வந்ததும் முகம் கழுவுகிறான். 30இல் காயத்தைக் கழுவுகிறார்கள், அது யாருடைய பங்கு என்ற பேச்சே இல்லை. வருங்கால உலகம் ஒன்றைக் கட்ட பத்து விதி எதற்கு? ஒன்று போதும், ஆனால் அதை ஒரு காட்சியில்கூடத் தளர்த்தக் கூடாது. செட்டுக்குப் பணம் வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள். கோதார் 1965இல் ‘ஆல்ஃபாவில்’ எடுத்தபோது அன்றைய பாரிஸின் கட்டடங்களையே படம்பிடித்து வருங்கால நகரமாகக் காட்டினார்.

இனி முதல் பாதி. மெதுவான படம் என்றால் நீளமான ஷாட்கள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பார்வையாளனுக்கு ஒன்று தெரிந்திருந்து, அது எப்போது நடக்கும் என்பது மட்டும் தெரியாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் அவன் காத்திருப்பான். தார்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ (1979) இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது, மொத்த ஷாட்களோ நூற்றைம்பதைத் தொடாது. அதில் புல்வெளியில் மூன்று பேர் நடப்பதை நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். அந்த இடம் ஆளைக் கொல்லும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். ஒரு இரும்பு நட்டில் துணியைக் கட்டி எறிகிறார்கள், விழுந்த இடம்வரை நடக்கிறார்கள், மறுபடி எறிகிறார்கள். உங்கள் 22ஆம் பக்கத்தில் நால்வரும் மதில்மேல் மூன்று பக்கத்துக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். எதற்கு என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அதற்கு முன்பே, 9ஆம் பக்கத்தில், சின்னவன் சீல் வைத்த கேன் ஒன்றைத் திருடி அந்த மதிலுக்குப் பின்னால் ஒளிக்கட்டும். அதற்கு என்ன தண்டனை என்பதை வேறொருவன் அனுபவிப்பதாகக் காட்டிவிடுங்கள். மதில் காட்சியில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்காது.

நீளத்தையும் பார்த்துவிடுவோம். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது வசனம் ஓடுகிற படங்களுக்கான கணக்கு. உங்களிடம் ‘அவன் காத்திருக்கிறான்’ என்ற ஒரு வரியே ஒரு நிமிடம் பிடிக்கும். இதை எழுதியபடியே எடுத்தால் மூன்று மணி நேரத்தை நெருங்கும். ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு காட்சியைப் படிக்காதீர்கள், எழுந்து நடித்துப் பாருங்கள். கதவைத் திறப்பது, நடப்பது, உட்காருவது எல்லாம் நிஜ நேரத்தில். 80 பக்கத்துக்குள் வந்தால் உங்கள் வேகத்துக்கு இரண்டு மணி நேரம் சரியாக இருக்கும்.

வன்முறைக்கு வருகிறேன். உங்களிடம் ஏழு சண்டைகள் இருக்கின்றன, ஏழிலும் அடித்தவன் அடுத்த காட்சியில் பழையபடி நிற்கிறான். உங்கள் பையன்களைப் பிடிக்காமல் போவதற்குக் காரணம் அதுதான், அவர்கள் அடிப்பது அல்ல. முஷ்டியால் மண்டையில் ஓங்கிக் குத்தினால் பெரும்பாலும் உடைவது குத்தியவனின் சுண்டுவிரல் பக்கத்துப் புறங்கை எலும்புதான். விரல் முட்டி உள்ளே அமுங்கும், புறங்கை வீங்கும், எலும்பு சேர மூன்று வாரத்துக்குக் குறையாது. அவ்வளவு நாளும் அவனால் பட்டன் போட முடியாது, மூடியைத் திருக முடியாது. இதை முதல் சண்டையிலேயே மூத்தவனுக்குக் கொடுத்துவிடுங்கள். அதை 15ஆம் பக்கத்துக்குள், தூரத்து வைட் ஷாட்டில், பின்னணி இசை இல்லாமல் வையுங்கள். அடி பத்து நொடியில் முடியட்டும். அதற்கப்புறம் இரண்டு நிமிடம் கேமரா அங்கேயே நிற்கட்டும். மொத்தத்தில் மூன்று சண்டை போதும். இப்படி ஒன்று முன்னால் நடந்துவிட்டால் அதன்பின் அவன் சும்மா கையை உயர்த்தினாலே தியேட்டர் அமைதியாகும். குப்ரிக் ‘எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்’ (1971) படத்தில் செய்ததுபோல ரோஸினியின் இசைக்கு அடிதடியை நடனமாக்குவது வேறு பாணி. அதற்கு முதல் ஃபிரேமிலிருந்தே நடிப்பு, உடை, லென்ஸ் எல்லாமே மிகையாக இருக்க வேண்டும். நீங்கள் 54ஆம் பக்கத்தில் மட்டும் அதைச் செருகியிருக்கிறீர்கள், கிழித்துப் போடுங்கள்.

மேக்கப்பில் ஒரு எச்சரிக்கை. கதை வரிசையில் பெரும்பாலும் யாரும் படம்பிடிப்பதில்லை, லொகேஷன் வரிசையில்தான். கன்றிய இடம் முதலில் சிவந்து, ஓரிரு நாளில் நீலமும் ஊதாவுமாகி, ஒரு வார வாக்கில் பச்சை, மஞ்சள் என்று வெளிறி, சுமார் இரண்டு வாரத்தில் மறையும். கதையில் எந்தக் காட்சி எத்தனையாவது நாள் என்று உதவி இயக்குநர் அட்டவணை போட்டு மேக்கப்காரரிடம் கொடுக்காவிட்டால், காலையில் மஞ்சளாக இருந்த கன்னம் அன்று மாலையே ஊதாவாகும். உங்களைப்போல முகத்தை நிமிடக்கணக்கில் காட்டுகிற படத்தில் அது உடனே மாட்டிக்கொள்ளும். சத்தமும் அப்படித்தான். மூன்று நிமிட ஷாட்டின் நடுவே தூரத்தில் ஒரு லாரி ஹார்ன் கேட்டால் உங்கள் வருங்காலம் போச்சு.

காதல் ஏன் ஒட்டவில்லை என்று தெரிய ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து, ஒருவர் உடம்பை இன்னொருவர் தொடும் ஒவ்வொரு வரிக்கும் கோடு போடுங்கள். உங்கள் பையன்கள் முதல் பக்கத்திலிருந்தே தோளில் கைபோடுகிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள், ஒருவன் மடியில் ஒருவன் தலைவைத்துப் படுக்கிறான். நான் எண்ணியதில் 60ஆம் பக்கத்துக்குள் 41 இடம். அதற்கப்புறம் அவன் அவள் கையைப் பிடிப்பது 42ஆவது, அவ்வளவுதான். கிறிஸ் மார்க்கரின் ‘லா ஜெட்டே’ (1962) ஏறத்தாழ அரை மணி நேரம் ஓடுகிறது, முழுக்க முழுக்க அசையாத புகைப்படங்கள். ஒரே ஒரு இடத்தில் படம் அசைகிறது. படுத்திருக்கும் அந்தப் பெண் கண் திறக்கிறாள். சில நொடிதான், ஆனால் மொத்தப் படத்தின் காதலும் அதில் இருக்கிறது. உங்கள் நால்வரும் ஒருவரையொருவர் அடிப்பதற்கு மட்டுமே தொடட்டும். மற்ற தொடுதல்கள் அத்தனையையும் வெட்டுங்கள்.

71ஆம் பக்கம் போகட்டும். சிறுவயதுக் கதையைச் சொல்லி இரக்கம் சம்பாதிக்கிற காட்சி எந்தப் படத்திலும் ஒரு வக்கீலின் வாதம்போலத்தான் ஒலிக்கும். அந்த இடத்தில் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்துங்கள். வால்வுச் சக்கரத்தில் அவள் உள்ளங்கை கிழிந்திருக்கிறது. அவன் கையில் அன்றைய பங்கில் மிச்சமான அரை லிட்டர் பாட்டில். வலது கையால் மூடியைத் திறக்க முயல்கிறான், விரல் மடங்கவில்லை. பாட்டிலை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு இடது கையால் திருகுகிறான். அவள் கைமேல் ஊற்றுகிறான். “போதும்” என்கிறாள். அவன் நிறுத்தவில்லை. கேமரா கைகளை விட்டு முகத்துக்குப் போகவே கூடாது. ஒரே ஷாட், ஒன்றரை நிமிடம், தண்ணீர்ச் சத்தம் மட்டும். ஆனால் பாதுகாப்புக்கு மண்ணில் தண்ணீர் ஊறுவதைத் தனியாக ஒரு இன்சர்ட்டாக, அதாவது நடுவே செருகும் சிறு ஷாட்டாக, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை டேக்கை மட்டும் நம்பிப்போனால் எடிட்டிங்கில் பத்து நொடி குறைக்கக்கூட வழியிருக்காது. மறுநாள் காட்சியில் அவன் உதடு வெடித்திருக்கும். “உன் பங்கு எங்கே?” என்று சின்னவன் கேட்பான். உங்கள் 96ஆம் பக்கத்துக் கொலை இப்போது எங்கிருந்தோ வந்து விழுகிறது. இந்தக் கேள்விக்கு அவன் சொல்லும் பொய்யிலிருந்து அது கிளம்பட்டும்.

கடைசியாக அந்தப் பெண். அவள் இப்போது அவனைத் திருத்துவதற்காக மட்டுமே கதையில் இருக்கிறாள். அவன் இடுப்பில் கத்தி இருப்பது 35ஆம் பக்கத்திலிருந்து அவளுக்குத் தெரியும், அப்படியிருந்தும் ஒருமுறைகூட அவள் கண் அங்கே போகவில்லை. பயப்படாத பெண்ணின் சம்மதத்துக்கு மதிப்பில்லை. தண்ணீர்க் காட்சிக்கு முன்னால், அவன் வந்து நிற்கும்போது அவள் ஸ்டேஷன் கதவை உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும் காட்சி ஒன்றை எழுதுங்கள். அவன் கதவைத் தட்டுகிறானா, உடைக்கிறானா, திரும்பிப் போகிறானா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதை முடிவு செய்யாமல் மற்ற திருத்தங்களில் கை வைக்காதீர்கள்.