பரண் மேல் யார்?

கேள்வி: போன வாரம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு சைக்கோ த்ரில்லர் பார்த்தோம். கொலைகாரன் வெளியே இருந்து வருவதில்லை; சாதாரணக் குடும்பங்களின் வீட்டுக்குள்ளேயே ஒளிந்து வாழ்கிறான். அன்றிலிருந்து என் மகள் ராத்திரியில் லாஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். "அதெல்லாம் கதைம்மா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானே?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மகளிடம் அப்படியே சொல்லி வையுங்கள் அம்மா. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: நடந்திருக்கிறது. அமெரிக்காவில், டென்வர் நகரில், 1941-இல்.

பிலிப் பீட்டர்ஸ் என்ற 73 வயதுப் பெரியவர். மனைவி ஹெலன் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததால் வீட்டில் தனியாக இருந்தார். பாவம் என்று அக்கம்பக்கத்தார் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள். அக்டோபர் 17 அன்று ஆளைக் காணோமே என்று போய்ப் பார்த்தால், அடித்துக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். கதவு, ஜன்னல் எல்லாம் பூட்டியது பூட்டியபடி. போலீஸ் வீடு முழுக்கத் தேடியது. ஓர் அலமாரிக்குள், கூரையில், மூடி போட்ட சின்னத் திறப்பு ஒன்று இருந்தது. வளர்ந்த ஆள் யாரும் அதில் நுழைய முடியாது என்று விட்டுவிட்டார்கள்.

ஹெலன் வீடு திரும்பினார். துணைக்கும் வேலைக்கும் ஒரு பெண்மணி. ராத்திரியில் சத்தம் கேட்கிறது, வீட்டில் பேய் இருக்கிறது என்று அந்தப் பெண்மணி வேலையை விட்டே போய்விட்டார். ஹெலனும் கடைசியில் மகன் வீட்டுக்குப் போக, வீடு காலியானது. காலி வீட்டில் விளக்கு வெளிச்சம் தெரிந்ததாக ஊரார் சொல்ல, போலீஸ் அவ்வப்போது வந்து பார்த்தது. 1942 ஜூலை 30-ஆம் தேதி வந்த போலீஸ்காரர்களுக்கு மாடியில் ஒரு பூட்டு 'க்ளிக்' என்றது கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், அந்தச் சின்னத் திறப்புக்குள் இரண்டு கால்கள் மறைந்துகொண்டிருக்கின்றன. பிடித்து இழுத்தார்கள்.

தியடோர் கோனீஸ், வயது 59. பீட்டர்ஸுக்குப் பழைய பழக்கம். உதவி கேட்க வந்தவன், வீட்டில் யாரும் இல்லாததால் உள்ளே நுழைந்து, மேலே ஏறிப் படுத்துவிட்டான். சில வாரங்கள் கழித்து ஐஸ்பெட்டியில் சாப்பாடு எடுக்கும்போது பெரியவர் பார்த்துவிட்டார். அடித்துக் கொன்றான். நானாக இருந்தால் ஊரை விட்டே ஓடியிருப்பேன். அவன் திரும்பவும் மேலே ஏறிக்கொண்டான்! அங்கேயே ஒன்பது மாதம். அந்த இடத்தில் இருக்க மனிதன் சிலந்தியாக இருக்க வேண்டும் என்று ஒரு போலீஸ் அதிகாரி சொல்லப்போய், 'டென்வர் சிலந்தி மனிதன்' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆயுள் தண்டனை பெற்று 1967-இல் செத்தான்.

கேள்வி: இப்படி ஒரு கதையை நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்குள் ஆள் இருப்பதை யார் முதலில் கண்டுபிடித்தால் நன்றாக இருக்கும்? இன்ஸ்பெக்டரா, சைக்யாட்ரிஸ்டா?
– ஓர் இளம் எழுத்தாளர், கோவை

பதில்: இரண்டு பேரும் வேண்டாம் தம்பி. பாத்திரம் தேய்ப்பவர் கண்டுபிடிக்கட்டும். டென்வரில் முதலில் கண்டுபிடித்தது யார் என்று மேலே படித்துப் பாருங்கள். அந்தப் பெண்மணி ஒன்றே ஒன்றில்தான் தவறினார், மனிதனைப் பேய் என்று நினைத்துவிட்டார். அரிசி டப்பாவில் நேற்று எவ்வளவு இருந்தது, துடைப்பத்தை எந்த மூலையில் சாத்தினோம் என்பதெல்லாம் வீட்டு வேலை செய்பவருக்கு அத்துப்படி. சம்பளம் கொடுப்பவருக்குத் தெரியாது.

இன்னொன்றும் பாருங்கள். ஜெர்மனியில், மியூனிக் நகரத்துக்கு வடக்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டரில், ஹின்டர்கைஃபெக் என்ற தனிப் பண்ணை. 1922. வீட்டில் ஏதோ சரியில்லை என்று வேலைக்காரப் பெண் ஒருவர் சில மாதங்களுக்கு முன்பே போய்விட்டார். மார்ச் கடைசியில் பண்ணைக்காரர் க்ரூபர் பனியில் காலடித் தடங்களைப் பார்த்தார். காட்டிலிருந்து வீட்டை நோக்கி வந்தவை. திரும்பிப் போனவை இல்லை. வீட்டுச் சாவி ஒன்றைக் காணோம். மச்சில் நடமாட்டம் கேட்டது. அக்கம்பக்கத்தில் சொன்னாரே தவிர, போலீஸுக்குப் போகவில்லை. 31-ஆம் தேதி சாயங்காலம் புது வேலைக்காரி வந்து சேர்ந்தார். அன்றிரவே அவரோடு சேர்த்து ஆறு பேரும் கொல்லப்பட்டார்கள், இரண்டு வயதுக் குழந்தை உட்பட.

உடல்கள் கண்டெடுக்கப்பட்டது ஏப்ரல் 4. இடைப்பட்ட நாட்களில் அந்த வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்தது. மாடுகளுக்கு யாரோ தீனி போட்டிருந்தார்கள். எனக்கு அந்தக் காலடித் தடத்தைவிட இந்த மாட்டுத் தீனிதான் குலை நடுக்கம். ஆறு பேரைக் கொன்ற கை மாட்டுக்கு வைக்கோல் அள்ளிப் போடுகிறது! மறு வருடம் வீட்டை இடித்தபோது கொலைக் கருவியான மண்வெட்டி மச்சிலேயே கிடைத்தது. ஆள் யார் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. உங்கள் நாவலில் கத்தி வரும் பக்கங்களைக் குறைத்து, வைக்கோல் வரும் பக்கங்களைக் கூட்டுங்கள்.

அப்புறம் ஒரு தொழில் ரகசியம். மாத நாவல் எழுதிய காலத்தில் என் கொலைகாரனை நானும் மூன்று நாள் பரணில் ஒளித்து வைத்தேன். வசனம், திருப்பம் எல்லாம் பிரமாதம் என்று எனக்கே எண்ணம். சேலத்திலிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது: "ஐயா, அந்த மூன்று நாளும் அவன் ஒன்றுக்குப் போனது எங்கே?" இருபது வருடமாகிறது, இன்னும் பதில் எழுதவில்லை. நீங்கள் முதல் அத்தியாயத்திலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பரணில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் உருட்டுகிற சத்தம். எலி மாதிரி இல்லை, கனமாக இருக்கிறது. ஆளாக இருக்குமோ?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஓட்டு வீடா? மரநாயாக இருக்கும். காலையில் ஏணி வைத்து ஏறிப் பாருங்கள், எச்சம் கிடக்கும்.

கேள்வி: அதிரசம் செய்து எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைக்கிறேன். தினமும் இரண்டு மூன்று குறைகிறது. பிள்ளைகள் ஹாஸ்டலில். கணவருக்குச் சர்க்கரை வியாதி, இனிப்பைத் தொடுவதே இல்லை. படம் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது.
– வாசகி, காரைக்குடி

பதில்: ஜப்பானில், ஃபுகுவோகா மாநிலத்தில், தனியாக வாழ்ந்த ஒருவருக்கும் இதே குழப்பம்தான். ஃப்ரிட்ஜில் வைத்த சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. கேமரா வைத்து, படம் தன் செல்போனுக்கு வருமாறு செய்தார். வெளியே இருக்கும்போது பார்த்தால், வீட்டுக்குள் யாரோ நடக்கிறார்கள். போலீஸை அனுப்பினார். கதவெல்லாம் பூட்டியிருந்தது. படுக்கை விரிப்புகளை வைக்கும் அலமாரியின் மேல் தட்டில் 58 வயதுப் பெண் ஒருவர் சுருண்டு படுத்திருந்தார். போக இடம் இல்லாமல் ஏறக்குறைய ஒரு வருடமாக அங்கேதான் வாழ்ந்திருக்கிறார். 2008-இல் நடந்தது. யாரையும் அவர் எதுவும் செய்யவில்லை.

நீங்களும் டப்பாவுக்கு நேராக ஒரு கேமரா வையுங்கள். உங்கள் கணவருக்குத் தெரியாமல் வையுங்கள்.