வாசகர் கேள்விகள்: சர்க்கரை நோயும் ஏற்றத்தாழ்வும்

கேள்வி: சமூக மருத்துவத்தில் முதுநிலை முதலாண்டு படிக்கிறேன். சர்க்கரை நோய் கட்டுக்குள் இருப்பதில் மலைக்கிராமங்களுக்கும் சமவெளிக்கும் உள்ள வித்தியாசம்தான் என் தீசிஸ். 384 பேர் போதும் என்கிறார்கள் சீனியர்கள். போதுமா?
– மாணவி, சேலம்

பதில்: போதாது. ஒரே கூட்டத்தில் 50 சதவீதம் என்று ஊகித்த ஒன்றை, முன்பின் 5 சதவீதத் துல்லியத்தோடு கணிக்க வரும் எண் அது. இரண்டு கூட்டங்களை ஒப்பிடும் கணக்கு வேறு. சமவெளியில் 50, மலையில் 40 சதவீதம் பேருக்குக் கட்டுக்குள் இருக்கிறது என்று வைத்து, பவரை (உண்மையான வித்தியாசம் ஆய்வில் பிடிபடும் வாய்ப்பை) 80 சதவீதமாகக் கணக்கிட்டால் மலை, சமவெளி என்று பக்கத்துக்கு 385 பேர் வரும் (எண் ஒத்துப்போவது தற்செயல்). ஓர் ஊர்க்காரர்கள் பல விதத்தில் ஒரே மாதிரி இருப்பார்கள் என்பதால் இதை டிசைன் எஃபெக்ட் என்ற எண்ணால் பெருக்க வேண்டும். ஊருக்குள் உள்ள அந்த ஒற்றுமையை 0.05 என்று வைத்தால், ஊருக்கு 20 பேர் எடுக்கையில் 1.95 மடங்கு, 10 பேர் எடுக்கையில் 1.45 மடங்கு. ஊர்களைக் கூட்டி, ஊருக்கு ஆளைக் குறைப்பதே லாபம். ஊருக்கு 10 பேர் எடுத்து, 10 சதவீதம் பேர் மறுப்பார்கள் என்று பார்த்தால் பக்கத்துக்குச் சுமார் 620. அத்தனையும் சர்க்கரை நோயாளிகள்! ஒரு மாணவியால் தனியாக முடியாது.

பதிவேடு இருக்கிறதே என்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பட்டியலில் மட்டும் ஆள் எடுக்காதீர்கள். அதில் இருப்பவர்கள் ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டவர்கள். “டாக்டர் சுகர்னு சொன்னாரா?” என்ற கேள்வியிலும் இதே பள்ளம். டாக்டரையே பார்க்காதவர் ‘இல்லை’ என்பார். ஏழை ஊர் ஆரோக்கியமான ஊராகத் தெரியும்.

தேசியக் குடும்பநல ஆய்வின் 5-ஆம் சுற்றில் (2019–21) 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் நேரில் அளந்திருக்கிறார்கள். சாதிப் பிரிவு, செல்வ நிலை எல்லாம் அதில் உண்டு. அதிலிருந்தே தீசிஸ் எழுதலாம். தமிழகத்தில் பழங்குடியினர் சுமார் 1 சதவீதமே என்பதால் பல மாநிலங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை அளவு வெறும் வயிற்றில் எடுத்ததல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: சர்க்கரை நோய் ஆய்வுக்குக் களத்தில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) பார்ப்பதா, வெறும் வயிற்று ரத்தமா?
– ஆய்வு மாணவர், ஊட்டி

பதில்: இரண்டிலும் பிழை உண்டு, அது எல்லார் மேலும் சமமாக விழாது என்பதுதான் சங்கடம். இரும்புச்சத்துக் குறைபாடு எச்பிஏ1சியைக் கூட்டிக் காட்டும். உங்கள் பகுதி இருளர், பணியர், குறும்பரிடையே ரத்தச் சிவப்பணுவின் வடிவத்தை மாற்றும் அரிவாள் செல் மரபணு உண்டு. அது சில கருவிகளின் கணக்கைக் குழப்பும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டரும் ரத்தசோகை உள்ளவருக்குக் கூடுதலாகவே காட்டும். ஆகவே ஹீமோகுளோபினையும் சேர்த்து அளந்துவிடுங்கள்.

வெறும் வயிற்று ரத்தம் எடுத்தால் சாதாரணக் குழாயில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறையும். சமவெளி ரத்தம் அரை மணியிலும் மலை ரத்தம் மூன்று மணியிலும் லேபுக்கு வந்தால், மலைக்காரர்களுக்கு நோய் குறைவு என்று எழுதிவிடுவீர்கள். ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய் வேண்டும். அதுவும் முழுதாக வேலை செய்ய ஓரிரு மணி நேரமாகும் என்பதால் எடுத்தவுடன் ஐஸில் வையுங்கள். முடிந்தால் முகாமிலேயே கருவியில் சுழற்றிப் பிளாஸ்மாவை (ரத்தத்தின் நீர்ப்பகுதியை) பிரித்தெடுங்கள்.

கேள்வி: சாதிகளுக்கிடையே நோய் வித்தியாசம் பற்றிய என் கட்டுரையில் வருமானத்தையும் படிப்பையும் கணக்கில் சேர்க்கச் சொன்னார் ரிவ்யூவர். சேர்த்ததும் சாதி வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆய்வு வீணா?
– வாசகர், மதுரை

பதில்: வீணில்லை. சாதி உடலுக்குள் போகும் வழியே படிப்பும் வருமானமும்தான். வழியை அடைத்துவிட்டு ‘யாரும் வரவில்லை’ என்று எழுதக் கூடாது. வயது, பாலினம் மட்டும் சேர்த்த அட்டவணையை முதலிலும், எல்லாம் சேர்த்ததை அடுத்தும் போட்டு, இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான விடைகள் என்று ரிவ்யூவருக்கு எழுதுங்கள். எத்தனை மடங்கு என்பதோடு எத்தனை சதவீதப் புள்ளி வித்தியாசம் என்பதையும் கொடுங்கள்.

கேள்வி: எனக்குக் கீழே இரண்டு இளம் ஆய்வாளர்கள் சேர்ந்திருக்கிறார்கள். கைடாக என்ன செய்துகொடுக்க வேண்டும்?
– பேராசிரியர், திருச்சி

பதில்: புள்ளியியலாளரைத் தரவு சேர்த்த பிறகல்ல, கேள்வித்தாள் அச்சாகும் முன்பே அவர்களோடு உட்கார வையுங்கள். கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதை முதல் மாதமே எழுதி வைத்துவிடுங்கள். ஜீப் வாடகைக்கும், கூலியை விட்டு வருபவருக்கான ஈட்டுத்தொகைக்கும் பட்ஜெட்டில் இடம் வேண்டும். இல்லையென்றால் ரோட்டோர ஊர்களோடு ஆய்வு நின்றுவிடும். களத்தில் 180/120 அழுத்தத்தோடு ஒருவர் வந்தால் எந்த மருத்துவமனைக்கு, எந்த வண்டியில், யார் செலவில் அனுப்புவது என்பதை நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போதே எழுதச் சொல்லுங்கள்.