உலகக் கோப்பைக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: 2026 உலகக் கோப்பை கால்பந்து ஜூன் 11-ல் தொடங்கி ஜூலை 19-ல் முடிகிறது. எங்கள் மேற்குக் கடற்கரைக்கு அந்த இரண்டு மாதமும் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில்தான் நிற்கும். நானும் மச்சானும் அமெரிக்கா போய் ஒன்றிரண்டு ஆட்டமாவது பார்க்க ஆசைப்படுகிறோம். டிக்கெட், விமானம், ரூம் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் என்று சொல்லி, ஏஜென்ட் ஒருவர் ஆளுக்கு ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். 'விசா கேரண்டி' என்றும் சொல்கிறார். கொடுக்கலாமா?
- வாசகர், தூத்தூர்

பதில்: கொடுக்காதீர்கள். 'விசா கேரண்டி' என்ற சொல் வாயில் வந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்கலாம். அமெரிக்க விசாவைக் கொடுப்பதும் மறுப்பதும் சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் எடுக்கும் அதிகாரிதான். விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், மறுத்தால் திரும்ப வராது. ஊருக்குத் திரும்பி வந்துவிடுவீர்கள் என்று அந்த அதிகாரி நம்ப வேண்டும். படகின் பதிவுச் சான்று, வீடு, நிலம், குடும்பம் எல்லாம் அங்கே பேசும். "வேலை பார்க்கிற மாதிரி ஒரு லெட்டர் ரெடி பண்ணித் தரேன்" என்று ஏஜென்ட் சொன்னால் ஓடிவிடுங்கள். பொய் ஆவணம் பிடிபட்டால் நிரந்தரத் தடைவரை போகும். மாட்டுவது நீங்கள், அவர் அல்ல.

டிக்கெட்டை, உலகக் கோப்பையை நடத்தும் ஃபிஃபாவின் சொந்த இணையதளத்தில் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி வாங்குங்கள். டிக்கெட் மொபைல் செயலிக்குத்தான் வரும். வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்பைக் காட்டினால் வாசலில் நிற்க வேண்டியதுதான். விலையும் லேசுப்பட்டதல்ல. 2025-ல் முதலில் அறிவித்தபோதே 60 டாலரிலிருந்து, இறுதிப் போட்டிக்கு 6,730 டாலர் வரை. தேவையைப் பொறுத்து ஏறும், இறங்கும்.

ஃபிஃபாவிடம் நேரடியாக வாங்கியவர்களுக்கு விசா நேர்காணல் தேதியைச் சீக்கிரம் தர ஒரு ஏற்பாடு உண்டு. தேதிதான் சீக்கிரம் கிடைக்கும், விசாவுக்கு உறுதி இல்லை. விசா மறுக்கப்பட்டால் டிக்கெட்டை ஃபிஃபாவின் மறுவிற்பனைத் தளத்திலேயே விற்கலாம். அங்கே விற்பவரிடம் 15 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள், வாங்குபவரும் தனியாக 15 சதவீதம் கட்ட வேண்டும். அந்த நஷ்டத்தைத் தாங்க முடியும் என்றால் மட்டும் இறங்குங்கள். விமான டிக்கெட்டும் ரூமும் விசா கைக்கு வந்த பிறகு. இன்னொரு வழியும் இருக்கிறது: 104 ஆட்டங்களில் 13 கனடாவில், டொராண்டோவிலும் வான்கூவரிலும். அதற்குத் தனி விசா வேண்டும், ஆனால் பெரும்பாலும் நேர்காணல் கிடையாது.

விமானத்துக்கும் ரூமுக்கும் ஏஜென்ட்தான் வசதி என்றால் அவரிடம் ஒன்று கேளுங்கள்: "டிசிஎஸ் எவ்வளவு?" வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்பவர் உங்கள் பான் எண்ணை வாங்கி டிசிஎஸ் என்ற வரியைப் பிடித்தாக வேண்டும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதை நீங்கள் கழித்துக்கொள்ளலாம். பான் கேட்காமல், ரொக்கமாகக் கொடுங்கள் என்கிறவரிடம் உங்களுக்கு ரசீதும் கிடைக்காது, அப்புறம் வழக்குப் போட ஆதாரமும் இருக்காது.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். ஆன்லைனில் அனுப்பி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண். பணம் திரும்பாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேள்வி: எங்கள் மன்றத்தில் எல்லோரும் சேர்ந்து ஆட்டம் பார்க்க 9,000 ரூபாய்க்கு ஒரு புரொஜெக்டர் பார்த்து வைத்திருக்கிறோம். வாங்கலாமா?
- வாசகர், குளச்சல்

பதில்: வாடகைக்கு எடுங்கள். அந்த விலையில் பெட்டியில் போட்டிருக்கும் ஆயிரக்கணக்கான லூமன் என்ற வெளிச்சக் கணக்கை நம்ப முடியாது. முறைப்படி அளந்த 'ஆன்சி லூமன்' எவ்வளவு என்று பாருங்கள். '1080பி சப்போர்ட்' என்றால் அந்தத் தெளிவில் காட்டும் என்று அர்த்தமில்லை, 'நேட்டிவ்' என்று இருக்க வேண்டும். நிறைய ஆட்டங்கள் நமக்கு இரவிலும் விடியற்காலையிலும்தான். இறுதிப் போட்டியே ஜூலை 20 அதிகாலை 12.30-க்கு. அதனால் இருட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தென்மேற்குப் பருவமழைக் காலம், திரையை மைதானத்தில் கட்டாமல் ஹாலுக்குள் கட்டுங்கள்.