வாக்கு ஒருவருடையது, வசவு இன்னொருவருக்கு

பணியிடம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியில் டீம் லீடாக இருக்கிறேன். ஓராண்டுக்குள் குழுவில் பாதிப் பேர் விலகிவிட்டார்கள். மூன்றே மாதத்தில் கூகுளில் முதலிடம் என்று புதிய வாடிக்கையாளர்களிடம் உரிமையாளர் உறுதி கூறிவிடுகிறார். அது நடக்காதபோது இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்க்க ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கண்டிக்கிறார். இந்தத் தலைமுறைக்குப் பொறுப்பில்லை என்கிறார். சோர்ந்துபோன குழுவை நான் எப்படித் தூக்கி நிறுத்துவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் குழுவின் சோர்வு ஒப்பந்தம் பேசப்படும் மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. கூகுளில் முதலிடத்தை எவராலும் உத்தரவாதமாகத் தர முடியாது என்று, எஸ்.இ.ஓ. (தேடலில் தளத்தை முன்னே கொண்டுவரும் வேலை) நிறுவனங்களை அமர்த்த விரும்புவோருக்கான அறிவுரையில் கூகுளே எழுதி வைத்திருக்கிறது. செய்த மாற்றங்களின் பலன் தெரியப் பொதுவாக நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்றும் அந்நிறுவனத்தார் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே மூன்று மாதக் கெடு என்பது கையெழுத்தான நாளிலேயே பொய்த்துப்போன வாக்கு. கொடுத்தவர் அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விடுகிறார். அதற்குப் பதில் சொல்லும் கடமை, அந்தப் பேச்சுவார்த்தையில் உட்காராத ஓர் இளைஞரின் தலையில் விழுகிறது.

மாதக் கடைசியில் அந்த இளைஞர் வாடிக்கையாளருக்கு ரிப்போர்ட் தயாரிப்பதை அருகிலிருந்து பாருங்கள். விசாரணை அழைப்புகள் குறைந்திருக்கின்றன. விளம்பரம் கண்ணில் பட்ட எண்ணிக்கை மட்டும் கூடியிருக்கிறது. எனவே அந்த வரைபடம் முதல் பக்கத்துக்கு வருகிறது, மற்றது பின்னால் போகிறது. முதல் வேலையிலேயே மறைக்கக் கற்றுக்கொடுக்கப்படும் அந்தப் பிள்ளை, தன் தொழிலை மதிப்பதை நிறுத்திவிடுகிறது. சம்பளத்தையும் வேலை நேரத்தையும் விட இதுவே அதிகம் பேரை வெளியேற்றுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இரவு நேரக் கண்டனத்தையும் சற்று நுணுகிப் பார்க்க வேண்டும். கூகுள் விளம்பரத்தில் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்று குறித்தால், தேவை அதிகமுள்ள ஒரு நாளில் அது 2,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். மாதக் கணக்கில் அந்தத் தொகையின் 30.4 மடங்கைத் தாண்டாது. இதை அறியாதவர் ஒரு நாள் செலவைப் பார்த்துவிட்டுக் கொதிக்கிறார். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றை நடத்தும் மெட்டாவின் விளம்பரத் தொகுப்பு, யாருக்குக் காட்டுவது என்று கற்று நிலைபெற, ஒரு வாரத்தில் விசாரணை, விற்பனை போன்ற ஏறக்குறைய 50 பலன்கள் கிடைக்க வேண்டும். பெரிய மாற்றம் எதைச் செய்தாலும் அந்தக் கற்றல் கட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பதற்றத்தில் உரிமையாளர் இரண்டு நாளுக்கு ஒருமுறை இலக்கு மக்களையும் படத்தையும் மாற்றச் சொல்கிறார் என்றால், பலன் கெடுவதற்கு அவரே காரணமாகிறார். அதற்கான ஏச்சு அந்த மாற்றத்தைச் செய்த கைக்கு விழுகிறது. செய்த தவற்றுக்குக் கிடைத்த கண்டிப்பை மனிதர்கள் தாங்கிக்கொள்வார்கள். சரியாகச் செய்த வேலைக்காகப் பத்துப் பேர் முன்னிலையில் திட்டு வாங்கினால், மறுநாள் யாரும் மனம் வைத்து வேலை செய்ய மாட்டார்கள்.

எனவே பாராட்டுச் சான்றிதழோ பிறந்தநாள் கேக்கோ உங்கள் குழுவைத் தேற்றாது. உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டவை இரண்டு இருக்கின்றன. ஒப்பந்த மதிப்பீடு வாடிக்கையாளருக்குப் போகும் முன் அதை ஒருமுறை பார்க்கும் உரிமையைக் கேளுங்கள். முதல் மாதம் என்ன எதிர்பார்க்கலாம், ஆறாம் மாதம் என்ன எதிர்பார்க்கலாம் என்று நீங்கள் ஒரு பக்கம் எழுதிச் சேர்க்க வேண்டும். அடுத்து, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் விற்ற வேலை எவ்வளவு, செய்த வேலை எவ்வளவு என்று கணக்கு வையுங்கள். மாதம் எட்டு சமூக ஊடகப் பதிவுகளுக்குப் பணம் கொடுத்தவருக்கு இருபது போய்க்கொண்டிருப்பது பெரும்பாலான ஏஜென்சிகளில் உரிமையாளருக்கே தெரிவதில்லை. இந்தக் கணக்கோடு, மாதக் கடைசி நெருக்கடி இல்லாத ஒரு நாளில், அவரைத் தனியாகச் சந்தித்துப் பேசுங்கள். மனவேதனையைப் பற்றிப் பேசினால் அவர் தலைமுறையைக் குறை சொல்வார். பணம் எங்கே கசிகிறது என்று காட்டினால் கேட்பார். கண்டிப்பு எதுவானாலும் முதலில் உங்களிடம் தனியே வரட்டும் என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுக்கிறது. அதற்கு மேற்பட்ட வேலைக்கு இரு மடங்கு ஊதியம் தரச் சொல்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது என்பதால் உங்களுக்கு உதவாமல் போகலாம். உங்கள் கீழ் வேலை செய்பவர்களின் நிலை வேறு. இவ்வளவு செய்தும் ஓரிரு காலாண்டுகளில் ஒன்றும் அசையவில்லை என்றால், நீங்களும் வேறு இடம் தேடுங்கள். அதை விசுவாசக் குறைவு என்று எண்ணி மனம் வருந்த வேண்டாம்.

கேள்வி: ஈரோட்டில் பத்துப் பேர் கொண்ட ஏஜென்சி நடத்துகிறேன். ஊழியர்களிடம் உற்சாகம் இல்லை. எல்லோரையும் இரண்டு நாள் ஏற்காடு அழைத்துச் செல்லலாமா?
— ஒரு நிறுவனர்

பதில்: அழைத்துச் செல்லுங்கள்; ஆனால் ஞாயிற்றுக்கிழமையை அதற்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். புறப்படும் முன், சம்பளம் மாதந்தோறும் ஒரே தேதியில் போகிறதா என்று பாருங்கள். உங்கள் ஊழியர்களை மரியாதையில்லாமல் பேசும் வாடிக்கையாளர் எவரேனும் இருந்தால், அவரிடம் நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். அவர் திருந்தாவிட்டால் அந்த வாடிக்கையாளரையே விட்டுவிடுங்கள். நீங்கள் அதைச் செய்வீர்களா என்பதைத்தான் அந்தப் பத்துப் பேரும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: என் மகள் சென்னையில் ஓர் ஏஜென்சியில் சேர்ந்தபோது அசல் பட்டச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது வேலையை விட்டதும், ஒப்பந்தப்படி ஒரு லட்சம் ரூபாய் கட்டினால்தான் தருவோம் என்கிறார்கள். கடைசி மாதச் சம்பளமும் வரவில்லை. என்ன செய்வது?
— ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: ஐயா, பயந்து பணத்தைக் கட்டிவிட வேண்டாம். ஒப்பந்தம் செல்லுமா என்பது ஒரு வழக்கு, சான்றிதழ் யாருடையது என்பது வேறு. இத்தகைய ஒப்பந்தங்கள் எல்லாமே செல்லாது என்று சிலர் சொல்வதையும் அப்படியே நம்பாதீர்கள். காலத்துக்கு முன் விலகினால் 2 லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி தன் அதிகாரியிடம் பெற்ற ஒப்பந்தத்தை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றுக்கொண்டது. ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-ஆம் பிரிவுப்படி, எழுதியிருக்கும் தொகைக்கு உட்பட்டு நியாயமான இழப்பீட்டையே கோர முடியும். பயிற்சி எதுவும் தராத நிறுவனம் ஒரு லட்சம் இழந்ததாகக் காட்டுவது எளிதல்ல. அப்படியே பணம் வரவேண்டியிருந்தாலும் அவர்கள் போக வேண்டிய இடம் நீதிமன்றம். உங்கள் மகளின் பட்டத்தைப் பிணையாகப் பிடித்து வைப்பது முறையல்ல.

சம்பளத்தைப் பொறுத்தவரை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத்தொகுப்பு, விலகியவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. சான்றிதழையும் சம்பளத்தையும் கேட்டு, தேதி குறிப்பிட்டு, மகள் பெயரிலேயே ஒரு மின்னஞ்சலும் ஒப்புகையுடன் ஓர் அஞ்சலும் அனுப்பச் சொல்லுங்கள். சேரும்போது சான்றிதழ் கொடுத்ததற்கான ரசீது இல்லாவிட்டால், அதைக் குறிப்பிடும் வாட்ஸ்அப் செய்திகளைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே வழக்கறிஞர் உதவி இலவசமாகக் கிடைக்கும்.