கிளாஸ்கோ வரும் தம்பிக்கு: காரை மறந்துவிடுங்கள்

ஜனவரியில் கிளாஸ்கோவுக்கு முதுகலைப் படிக்க வருவதாக எழுதியிருக்கிறீர்கள் தம்பி. அறை வாடகை எவ்வளவு ஆகும், பகுதிநேர வேலை கிடைக்குமா, எந்த ஜாக்கெட் வாங்குவது என்று மூன்று கேள்வி. நாலாவதாக, சிங்கிள் மால்ட் விஸ்கி (முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து ஒரே ஆலையில் வடித்தது) பிடிக்கும், உங்களுக்குப் பிடித்த டிஸ்டில்லரிகள், அதாவது விஸ்கி வடிக்கிற ஆலைகள், எவை, பசங்க நாலு பேர் சேர்ந்து வாடகைக் கார் எடுத்து ஒரு சுற்று சுற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் உங்கள் பல்கலைக்கழக வாட்ஸப் குழுவில் ஆயிரம் பேர் பதில் சொல்வார்கள். ஜாக்கெட்டை மட்டும் அங்கிருந்து சுமந்து வராதீர்கள். சென்னையில் விற்பது பனிக்கான ஜாக்கெட், இங்கே பெய்வது மழை. நாலாவது கேள்விக்கு வருகிறேன், அதுதான் நம்ம சப்ஜெக்ட்.

முதலில் அந்தக் கார். வேண்டாம். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து, வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருக்கக்கூடாது. இங்கிலாந்தில் இந்த எல்லை 80. லண்டனில் இருக்கிற மாமா பையன் "ரெண்டு பெக்குக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுடா" என்பான். அவன் ஊரிலேயே அது ஆபத்தான பேச்சு, இங்கே இன்னும் மோசம். மாட்டித் தண்டனை ஆனால் குறைந்தது 12 மாதம் லைசென்ஸ் போகும். குற்றப் பதிவு ஏறும். அடுத்த விசா விண்ணப்பத்தில் அதை உங்கள் கையாலேயே எழுத வேண்டிவரும். நான் வந்த புதிதில் எங்கள் வீட்டில் தங்கியிருந்த பையன் ஒருவன் ராத்திரி பார்ட்டியில் குடித்தான், நன்றாகத் தூங்கினான், காலையில் எழுந்து குளித்துவிட்டு டெலிவரி வேலைக்கு வண்டியை எடுத்தான். ரவுண்டானாவில் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். அப்போது எல்லை 80தான், அதிலேயே மாட்டினான். வேலை போனது, கொஞ்ச நாளில் ஊருக்கே திரும்பிவிட்டான். ராத்திரி குடித்தது ராத்திரியோடு போய்விடும் என்று நினைக்கிறவர்கள் நம்மவர்களில் இன்னும் ஏராளம்.

டிஸ்டில்லரிக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியும். பல இடங்களில், ஓட்டி வந்தவர் என்று சொன்னால் உங்கள் பங்கைச் சின்ன பாட்டிலில் ஊற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆனால் மூன்று பேர் ருசித்துக்கொண்டிருக்க ஒருவன் மட்டும் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு நிற்கிற பயணம் என்ன பயணம்? பஸ்ஸில் போங்கள். இந்த நாட்டை நான் பார்த்ததே பஸ் ஜன்னல் வழியாகத்தான்.

எனக்கு முதலிடம் கேம்பல்டவுன் ஊரில் இருக்கிற ஸ்பிரிங்பேங்க் டிஸ்டில்லரி, அதில் மாற்றுக் கருத்து இல்லை. கிளாஸ்கோ புக்கானன் பஸ் நிலையத்திலிருந்து கேம்பல்டவுனுக்கு நேர் பஸ் இருக்கிறது. நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும், லாக் லோமண்ட் ஏரி ஓரமாகப் போய் மலை ஏறி இறங்கிக் கின்டைர் தீபகற்பத்தின் கீழ்க்கோடிக்குக் கொண்டுபோய் விடும். ஒரு காலத்தில் இருபதுக்கு மேல் டிஸ்டில்லரிகள் புகைந்த ஊர் அது. ஒவ்வொன்றாக மூடி, கடைசியில் ஸ்பிரிங்பேங்கும் கிளென் ஸ்கோஷியாவும்தான் மிஞ்சின. 1925இல் மூடிய கிளென்கைலை ஸ்பிரிங்பேங்க் முதலாளிகளே வாங்கி 2004இல் மறுபடி ஓடவிட்டார்கள். அங்கே வடிப்பதைக் கில்கெரன் என்ற பெயரில் விற்கிறார்கள்.

ஸ்பிரிங்பேங்க் 1828இலிருந்து ஓடுகிறது, இன்னும் குடும்பச் சொத்து. இன்றைக்கு அநேக டிஸ்டில்லரிகள் முளைகட்டிய பார்லியைப் பெரிய ஆலைகளிலிருந்து லாரியில் இறக்கிக்கொள்கின்றன. இவர்கள் தங்களுக்கு வேண்டிய மொத்தத்தையும் அங்கேயே தரையில் பரப்பி, ஆளை வைத்து மண்வெட்டியால் புரட்டி முளைகட்டுகிறார்கள். அம்மா ராகியை ஈரத்துணியில் கட்டி வைப்பாரே, அந்த வேலைதான், டன் கணக்கில். அந்தக் கூடத்துக்குள் நுழைந்ததும் வருகிற வாசனைக்காகவே நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்காரலாம். முளைவிட்டதைக் காயவைக்கக் கொஞ்சம் பீட் புகை காட்டுவார்கள். பீட் என்பது சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைக்கிற கரிமண். ஸ்பிரிங்பேங்கை இரண்டரை முறை வடிப்பதாகக் கணக்கு, ஒரு பகுதி இரண்டு தரம், ஒரு பகுதி மூன்று தரம் கொப்பரை ஏறும். அதே கொப்பரைகளில் புகை தூக்கலாக லாங்ரோ என்ற விஸ்கியும், புகையே காட்டாமல் மூன்று தரம் வடித்து ஹேசல்பர்ன் என்ற விஸ்கியும் வருகின்றன. நிறத்துக்குக் கேரமல் சேர்ப்பதில்லை, குளிரவைத்து வடிகட்டுவதும் இல்லை. பாட்டிலில் அடைப்பதும் அதே வளாகத்தில்தான்.

எல்லாம் கைவேலை, கொஞ்சம்தான் வரும், இதனால்தான் கிடைப்பது கஷ்டம். வாங்கிய அன்றைக்கே இரண்டு மடங்கு விலைக்கு ஏலத்தில் போடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது, அதில் நம் ஆட்களும் உண்டு. அவர்கள் வீட்டு அலமாரியில் சீல் உடைக்காத பாட்டில்கள் கொலு மாதிரி நிற்கும். குடித்தாயா என்று கேட்டால், "அது இன்வெஸ்ட்மென்ட்ண்ணே" என்பார்கள். பதினெட்டு வருடமா, இருபத்தைந்தா, எத்தனை பவுண்டு என்பதோடு அவர்களின் விஸ்கி ஞானம் முடிந்துவிடும். பாட்டிலில் போட்டிருக்கும் வயது, அதில் கலந்தவற்றிலேயே ஆக இளைய சரக்கின் வயது, அவ்வளவுதான். நல்ல பீப்பாயில் கிடந்த பத்து வருடச் சரக்கு, சோப்ளாங்கிப் பீப்பாயில் கிடந்த இருபத்தைந்தைத் தோற்கடிக்கும். படிக்க வருகிற நீங்கள் எண்ணைப் பார்த்துக் காசை விடாதீர்கள்.

அதே பஸ் வழியில் கென்னக்ரெய்கில் இறங்கினால் ஐலா தீவுக்குக் கப்பல். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், குளிர்காலக் காற்றில் ரத்தாகும், அதனால் ஏப்ரல் வரை பொறுங்கள். மே கடைசியில் அங்கே விஸ்கித் திருவிழா, அறை கிடைக்காது. போர்ட் எல்லனில் இறங்கிக் கடலோரப் பாதையில் நடந்தால் லஃப்ராய்க், லாகவுலின், ஆர்ட்பெக் என்று மூன்று டிஸ்டில்லரியும் வரிசையாக வரும், மொத்தமே ஐந்து கிலோமீட்டர் சுமார். போர்ட் எல்லன் டிஸ்டில்லரியே 1983இலிருந்து மூடிக் கிடந்தது, 2024இல்தான் திறந்தார்கள். மூன்றில் என் ஓட்டு லாகவுலினுக்கு. லஃப்ராய்கை முதல் வாய் குடித்துவிட்டு ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது என்று முகம் சுளிக்காதவர் கிடையாது. அப்படிச் சுளித்தவர்தான் அடுத்த வருடம் அதைத் தேடி அலைவார்.

இவ்வளவு தூரம் முடியாது என்றால் கிளாஸ்கோவுக்கு வடக்கே பஸ் தூரத்தில் கிளென்கோயின் டிஸ்டில்லரி இருக்கிறது. பீட் புகையே படாதது, பின்னாலேயே மலை, அருவி. டூர் என்றால் என்ன என்று பழகிக்கொள்ள நல்ல இடம். ஆக்கன்டோஷனும் பக்கம்தான், மூன்று தரம் வடித்து மெலிதாக இருக்கும். எனக்கு அது ஒட்டவில்லை.

ஊரில் டாஸ்மாக் சரக்கு பழகியவர்கள் இங்கே வந்து "கிக்கே இல்லையே" என்பார்கள். அங்கே விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி கரும்பு மொலாசஸ் ஸ்பிரிட். இங்கே தானியத்தில் வடித்து, ஓக் பீப்பாயில் இந்த மண்ணிலேயே குறைந்தது மூன்று வருடம் கிடந்தால்தான் ஸ்காட்ச் என்றே எழுத முடியும். பப்பில் ஒரு அளவு 25 மில்லி, சில இடத்தில் 35. நம் ஊர் லார்ஜ் 60ஐ எதிர்பார்த்துக் கோபப்படாதீர்கள். ரவுண்டு என்று ஒரு பழக்கம் உண்டு, ஒருவர் உங்களுக்கு வாங்கித் தந்தால் அடுத்து நீங்கள் எல்லோருக்கும் வாங்க வேண்டும். கையில் காசு இல்லாத அன்றைக்கு முதலிலேயே எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அப்புறம், இந்தியச் சரக்கு என்றால் மூக்கைச் சுளிக்கிற தமிழ்ச் சங்கத்துப் பெரியவர்களிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள்: பெங்களூரின் அம்ருத் சிங்கிள் மால்ட் 2004இல் அறிமுகமானது இதே கிளாஸ்கோவில்தான். இங்கே பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும், பெங்களூர் வெக்கையில் 10 சதவீதத்துக்கு மேல். அதையும் தாங்கி வந்த சரக்கு அது.

ஜனவரியில் வருகிறீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன். நாலு மணிக்கே இருட்டிவிடும். அறையில் தனியாக உட்கார்ந்து குடிக்க ஆரம்பிக்காதீர்கள். இங்கே கடைகளில் காலை 10 மணியிலிருந்து இரவு 10 வரைதான் விற்பார்கள், 40 சதவீத விஸ்கி 700 மில்லி பாட்டிலை 18 பவுண்டு 20 பென்சுக்குக் குறைத்து விற்கவும் முடியாது, அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச விலை. அந்தக் கணக்கெல்லாம் தனிமைக்குத் தெரியாது. நான் வந்ததும் இதே போல் ஒரு குளிர்காலம்தான். காசு போட்டால் எரிகிற கேஸ் மீட்டர், முன்பணத்தைத் திருப்பித் தராத வீட்டுக்காரர், வாரம் முழுக்க ஒரு மனிதரிடமும் தமிழில் பேசாத நாட்கள்.

கீழ்வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். டிசம்பர் 31 ராத்திரி கதவைத் தட்டி, "உனக்கு நல்ல கருப்பு முடி, பன்னிரண்டு அடித்ததும் என் வீட்டுக்கு முதல் ஆளாக வா" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புத்தாண்டில் வாசற்படியை முதலில் மிதிப்பவர் கருமுடி ஆணாக இருந்தால் வருடம் முழுக்க அதிர்ஷ்டம் என்பது இங்கே பழைய நம்பிக்கை. கையில் ஒரு கரித்துண்டையும் அவரே கொடுத்து என்னை நடையில் நிறுத்திவிட்டார். மணி அடித்தபின் கதவைத் திறந்து, யாரோ புதிதாக வந்தது போல வரவேற்றார். அன்றைக்கு ஊற்றியது கிளென்ஃபார்க்ளாஸ். ஸ்காட்லாந்தின் வடகிழக்கே ஸ்பேசைடு வட்டாரத்தில், பென் ரின்னஸ் மலையடிவாரத்து டிஸ்டில்லரி, 1865 முதல் ஒரே கிராண்ட் குடும்பத்தின் கையில் (கிளென்ஃபிடிக் டிஸ்டில்லரியின் கிராண்ட் வேறு ஆட்கள்). கொப்பரையை இன்னும் நேரடித் தீயில்தான் சூடாக்குகிறார்கள். நீராவி வைத்துப் பார்த்து, ருசி மாறியதும் கைவிட்டார்கள். ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயின் பீப்பாயில் கிடந்த சரக்கு, உலர்ந்த திராட்சையும் தோல்வாசமும் வரும். எல்ஜின் வரை ரயில், அப்புறம் பஸ், கடைசிக் கொஞ்சத்துக்கு டாக்சி. எத்தனை தடவை போனாலும் எனக்கு அலுக்காது. பாட்டி அதில் குழாய்த் தண்ணீர் நாலு சொட்டு விட்டார், ஐஸ் கேட்டேன், முறைத்தார்.

அடுத்த வருடம் மேல்மாடிக்காரர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். இப்போது பாட்டி இல்லை, என் தலையும் நரைத்துவிட்டது, நரைத்தவனுக்கு இந்த வேலை கிடையாது. எங்கள் கட்டிடத்துக்கு என் மகன் போகிறான், அவனுக்குக் குடிக்க ஐரன் ப்ரூ சோடாதான் தருகிறார்கள்.