எடெல்வைஸ் சின்னத்தைச் சுற்றி வெள்ளை வளையம்

பொம்மையில் ஒட்டிய டீக்காலைச் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படச் சின்னம்) சுற்றி வெள்ளை வளையம் தெரிகிறது, பிய்த்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிய்க்க வேண்டாம், காப்பாற்றலாம். உங்கள் 1/35 அளவு (நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு) ஜெர்மன் மலைப்படை வீரன் பொம்மையின் சட்டைக் கையில் எடெல்வைஸ் பூவைச் சுற்றித் தெரியும் வெள்ளை, பெரும்பாலும் அடியில் சிக்கிய காற்றுதான். மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் சொரசொரப்பானது. அதன்மேல் நேரடியாக ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

விளக்கடியில் பொம்மையைத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் மின்னி, மறு கோணத்தில் மறைந்தால் காற்று. எங்கிருந்து பார்த்தாலும் ஒரே வெள்ளை என்றால் காய்ந்த பசை. ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்தால் போதும்.

காற்று என்றால் நுண்ணிய ஊசியால் நாலைந்து இடத்தில் குத்தி, டீக்கால் மென்மையாக்கியை (டீக்காலை இளக்கிப் படியவைக்கும் திரவம்) ஒரு துளி விடுங்கள். படம் சுருங்கி வயிற்றைக் கலக்கும். தொடாதீர்கள், காயும்போது தானே படியும். ஒருநாள் கழித்து மேட் வார்னிஷ். அடுத்த பொம்மைக்கு முதலில் பளபளப்பு வார்னிஷ் பூசிவிட்டு ஒட்டுங்கள்.

பழைய டீக்கால் சில இந்தத் திரவத்தில் கரைந்தே போகும். தாளில் மிஞ்சிய ஒன்றில் முதலில் சோதியுங்கள்.

வலது மேற்கையில் ஒட்டியிருப்பது சரிதான். தொப்பியில் மட்டும் அந்தப் பூ இடப்பக்கம். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.