4294967297: ஃபெர்மா பகா எண் என்று நம்பிய எண் (கேள்வி பதில்)

கேள்வி: பெரிய எண்கள் எத்தனையோ இருக்க, இந்த 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297-க்கு மட்டும் ஏன் தனி மதிப்பு?

பதில்: இது 2³² + 1. இரண்டின் 1, 2, 4, 8, 16 ஆம் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள். இவ்வரிசை முழுவதுமே பகா எண்கள்தான் என்று தாம் நம்புவதாக 1640-இல் பிரெஞ்சுக் கணிதவியலர் ஃபெர்மா கடிதத்தில் எழுதினார். நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆறாவதாக வரும் இந்த எண் 641 × 6700417 என்று 1732-இல் கணிதவியலர் ஆய்லர் காட்டியபோது அந்த நம்பிக்கை தகர்ந்தது.

கேள்வி: கணினி இல்லாத காலத்தில் 641 எப்படி அகப்பட்டது ஐயா?

பதில்: இதன் பகாக் காரணி ஒன்றால் வகுக்கும்போது 2³²-இன் மீதி −1 ஆகவும், 2⁶⁴-இன் மீதி 1 ஆகவும் இருக்கும், ஆகவே இரண்டின் அடுக்குகளில் மீதி 1 முதன்முதலில் வருவது 64ஆம் அடுக்கில்தான். ஃபெர்மாவின் சிறு தேற்றத்தின்படி, காரணியில் ஒன்று குறைந்த அடுக்கிலும் மீதி 1 வருவதால், அந்த அடுக்கு 64-இன் மடங்காகவே இருந்தாக வேண்டும். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று தொடங்குகின்றன. ஐந்தாவதிலேயே விடை கிடைத்துவிடுகிறது. ஃபெர்மாவின் நம்பிக்கையை வீழ்த்தியது அவருடைய தேற்றமே என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

வகுத்துப் பார்க்காமலேயே இதைச் சரிபார்க்கலாம். 641 = 5 × 2⁷ + 1 என்பதால், 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-இன் மீதி −1; அதன் நான்காம் அடுக்கான 5⁴ × 2²⁸-இன் மீதி 1. மேலும் 641 = 5⁴ + 2⁴ என்பதால் 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று இடலாம்; அப்போது −2³²-இன் மீதி 1 ஆகிறது, அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. இந்த நான்கு வரிகளை ஒவ்வொரு மாணவரும் ஒருமுறை தம் கையால் எழுதிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி: 6700417 பகா எண்தானா?

பதில்: ஆம். இதன் பகாக் காரணி எதுவும் நம் எண்ணுக்கும் காரணியே. அத்தகைய காரணியில் ஒன்று குறைத்தால் 64-இன் மடங்கு மட்டுமல்ல, 128-இன் மடங்கே வரும் என்று 1878-இல் கணிதவியலர் லூக்கா நிறுவியதால், வர்க்கமூலமான 2588 வரை 257, 641, 769, 1153, 1409 ஆகியவற்றை மட்டும் சோதித்தால் போதும், எதுவும் வகுப்பதில்லை.

கேள்வி: காரணியே தெரியாமல் இது பகு எண் என்று சொல்ல முடியுமா?

பதில்: முடியும். ஒரு பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடிந்தால், ஒரே வழியில்தான் எழுத இயலும். இதுவோ 65536² + 1² ஆகவும் 62264² + 20449² ஆகவும் அமைகிறது.

கேள்வி: கணினியின் 32 பிட்டில் (0, 1 ஆகிய இலக்கங்களுக்கான 32 இடங்களில்) அடங்கும் மிகப்பெரிய எண்ணான 4294967295-க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: நெருங்கிய தொடர்பு உண்டு. அந்த எண் 3 × 5 × 17 × 257 × 65537, அதாவது வரிசையின் முதல் ஐந்து எண்களின் பெருக்கல். அதனுடன் இரண்டைக் கூட்டினால் நம் எண் வந்துவிடும். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையத்தக்க ஒழுங்குப் பலகோணங்களில், ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டவையாக இன்று அறியப்பட்டவற்றுள் மிகப் பெரியதற்கும் 4294967295 பக்கங்களே. நம் எண் பகா எண்ணாக இருந்திருந்தால் அந்தப் பட்டியல் இன்னும் நீண்டிருக்கும்.